காசாயி மொட்டை போட்ட பங்குனி

அமராவதியில் ஆடி வெள்ளம் வடிந்து தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிய ஒரு புரட்டாசி மாதத்தில், ஆற்றுமணலை மரத்தட்டில் அள்ளி அலசி, அடியில் தங்குகிற பித்தளைத் துண்டையும் ஈயத்தையும் பழங்காசையும் பொறுக்கிப் பிழைக்கிற சென்னியப்பன், பச்சைக் களிம்பு பிடித்த ஒரு வட்டத் துண்டை வேட்டி முனையில் முடிந்துகொண்டு ராவுத்தர் பாத்திரக்கடைக்கு வந்தார். அவர் அந்தக் கோடையில் மஞ்சள்காமாலையில் படுத்து, வைத்தியர் கைவிட்டு, உறவுக்கெல்லாம் ஆள் அனுப்பின பிறகு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட மனிதர். அவரை வெயிலில் தனியே விடப் பயந்து மகள் தெய்வானையும் கூட வந்திருந்தாள்.

நான் அந்தக் கடையில் பேர் வெட்டுகிறவன். சின்ன உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு, குடத்தின் கழுத்திலும் தவலையின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாக, இன்னார் கல்யாணத்துக்கு இன்னார் அன்பளிப்பு என்று அடிப்பது என் வேலை.

ராவுத்தர் துண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "வெண்கலமாட்டம் இருக்கு மாப்பிள்ளை, கழுவிப் பாரு" என்றார். எங்கள் கடைக்குள் வருகிற எதுவும் புளியும் செங்கல் பொடியும் படாமல் இருந்ததில்லை. நானும் நல்ல பழம்புளியாக எடுத்து அரை மணி நேரம் தேய்த்தேன். மறுவாரம் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிற தாவீது வாத்தியார் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டாயிரம் வருசமா போத்தியிருந்த பச்சைத் தோலைப் புளி போட்டு உரிச்சுட்டியே ஆறுச்சாமி. பழங்காசை உலகத்துல யாராவது தேய்ப்பாங்களா?"

"தேய்க்காம எப்படிங்க வாத்தியாரே கடையில வைக்கிறது?" என்று ராவுத்தர் எனக்காகக் கேட்டார்.

ஆனால் அந்தப் புளிக்குத்தான் காசுக்குள் இருந்தவள் விழித்தாள் என்பது என் எண்ணம். தேய்க்கத் தேய்க்க முதலில் கூர்மையான மூக்கு வந்தது, பிறகு லேசாய்ச் சதை போட்ட தாடை, பிறகு பின்கழுத்தில் தழைந்த ஒரு கொண்டை, கடைசியில் அவளைச் சுற்றி வட்டமாகத் தேய்ந்துபோன எழுத்துகள். ரோமாபுரியில் ராஜா வீட்டுப் பெண்களைக் கௌரவித்து இப்படிக் காசு அடிப்பார்கள் என்றும், இவள் ராஜாவின் சம்சாரமோ மகளோ அம்மாவோ தெரியவில்லை என்றும், சுற்றி இருப்பது அவள் பேர் என்றும் வாத்தியார் சொன்னார். அதைக் கேட்பதற்கு முன்பே, கழுவின மறுநாள் காலையிலேயே, அவள் கொண்டையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

முதலில் பார்த்தது ராவுத்தர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காசை வாசல் வெளிச்சத்தில் திருப்பினார். "நேத்துப் பிடரியில இருந்துச்சு, இன்னிக்கு உச்சிக்கு ஏறியிருக்கு" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, பொம்பளைன்னா விடிஞ்சதும் தலை வாரத்தானே செய்வா" என்று சொல்லிவிட்டு மற்றக் கதவுப் பலகைகளைக் கழற்றப் போனார். அவளை ஒரு சின்னப் பித்தளைத் தட்டில் சாய்த்து, தராசுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்க்க வைத்தோம்.

அன்றிலிருந்து ஒரு நாள் பூசணிக்காய் வரி மாதிரி நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் பாத்தி பாத்தியாக, ஒரு நாள் ஆற்று அலை மாதிரி காதை மூடி, ஒரு நாள் பின்னலைச் சும்மாடு போலத் தலையில் சுற்றி, ஒரு நாள் முன்நெற்றியில் தேன்கூட்டை எடுத்து வைத்ததுபோல் சுருள் சுருளாக அடுக்கி, அவள் தினம் ஒரு தலை வாரினாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்துத் தினம் ஒரு தலை வாரினார்கள். போர்வை நெய்கிற தறிப்பட்டறைகளுக்குப் போகிற வழியில் கடை இருந்ததால், காலை எட்டு மணிக்கு வாசலில் எழுபது எண்பது பேர் நிற்பார்கள். யார் வைத்த பேரோ, அவளுக்குக் காசாயி என்று ஆகிவிட்டது. கொண்டை ஊசி ஊரில் தீர்ந்து, கரூரிலும் தீர்ந்து, ஈரோட்டிலிருந்து வந்தது. பூக்காரி முழக்கணக்கை விட்டுவிட்டு, "இன்னிக்குக் காசாயிக்கு ரெண்டு சுத்து, நாளைக்கு எப்படியோ" என்று தலைக்கணக்கில் விற்றாள். பட்டறைக்காரர்கள் இரண்டு நாள் முணுமுணுத்துப் பார்த்துவிட்டுச் சங்கு ஊதுகிற நேரத்தைக் கால் மணி தள்ளி வைத்துக்கொண்டார்கள். தேன்கூடு வாரின நாட்களில் மட்டும் சினிமாக் கொட்டகையில் பின்வரிசைக்காரர்கள் சண்டை போட்டார்கள்.

இன்னொரு காரியமும் நடந்தது. காசைச் சுற்றி இருப்பது அவள் பேர் மட்டும்தான், கொடுத்தவன் பேர் இல்லை என்று வாத்தியார் சொன்னது பெண்கள் காதில் விழுந்து, அவரவர் குண்டாவையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு வந்து, தங்கள் பேரை மட்டும் வட்டமாக வெட்டச் சொன்னார்கள். ஒரு நாள் ஒருத்தியின் வீட்டுக்காரர் வேகமாக வந்து, "நான் வாங்கிக் குடுத்த குண்டாவுல என்ற பேரு எங்கீங்க?" என்று கேட்டார்.

"அடியில நிறைய எடம் இருக்கு மாப்பிள்ளை, வெட்டச் சொல்லட்டா?" என்றார் ராவுத்தர்.

"அடுப்புல வேகறதுக்கா?"

"அது நீங்க வீட்டுல பேசி முடிவு பண்ணிக்கோணும்."

என் அம்மா நஞ்சம்மாளுக்கு மட்டும் கும்பலில் நின்று எட்டிப் பார்ப்பது பிடிக்காது. மகன் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறான், பார்த்து வந்து சொல்லட்டும் என்பது அவள் கணக்கு. எனக்கோ வாயால் சொல்ல வராது. ஆகவே ஒரு பழைய மூடியில் அன்றைய தலையைப் புள்ளி புள்ளியாக அடித்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். அம்மா மூடியை நிமிர்த்தியும் கவிழ்த்தும் பார்ப்பாள்.

"இதென்னடா, கோழிக்கூடா?"

"இல்லீங்கம்மா, பின்னல்."

"பின்னலுக்குக் கதவு எதுக்குடா?"

இதற்கு ஒரு வழி வேண்டுமே என்றுதான் ஒரு நாள் தெய்வானையை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவள் பட்டறையில் போர்வை ஓரத்து நூலை எடுத்துக் குஞ்சம் முடிகிறவள். காசாயியை ஒரு தரம் பார்த்தால் போதும், விரல்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். தரையைத் தொடுகிற அவள் முடியில்தான் ஊர்ப் பெண்கள் அன்றைய கொண்டையைப் புரிந்துகொள்வார்கள். அத்தனை கை நேர்த்தியிலும், அவள் தன் தலையை வாரும்போது வலது காதோரம் ஒரு கொத்து முடி நழுவித் தொங்கும். அதை மட்டும் எடுத்துச் செருக மாட்டாள். இதை நான் எப்படிக் கவனித்தேன் என்றால், அவள் வாசலில் நிற்கிற நாட்களில்தான் நான் சுத்தியைப் பேருக்குப் போடாமல் விரலுக்குப் போடுவேன்.

கார்த்திகை முழுக்க அவள் வேலைக்குப் போகிற வழியில் வந்து அம்மாவுக்குத் தலை வாரினாள். மார்கழியில் அம்மா, "இந்தக் கை இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது" என்றாள். தை பிறந்ததும் சென்னியப்பன் வீட்டுக்குத் தேங்காய் பழத்தோடு போய் வெற்றிலை மாற்றி, வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது.

மாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சென்னியப்பன் பாயில் உட்கார்ந்து தண்ணீர் செம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெய்வானைதான் பேசினாள்.

"அத்தைங்க, ஒண்ணு சொல்லோணும். அப்பா காமாலையில கெடந்தப்போ பழனிக்கு மொட்டை போடறதா வேண்டிக்கிட்டேனுங்க. ஆடிக் கிருத்திகைக்குப் பட்டறையில விடலை. தைப்பூசத்துக்கு நிச்சயம் வந்துருச்சு. இந்தப் பங்குனி உத்திரத்துக்குப் போயே ஆகோணும்."

அம்மா அவள் பின்னலைப் பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள்.

"வைகாசியில கல்யாணத்தை வச்சுக்கிட்டுப் பங்குனியில மொட்டையா? மணவறையில என்ற மவனுக்குப் பக்கத்துல பொண்ணு உக்காந்திருக்குதா, பையன் உக்காந்திருக்கானான்னு ஊர் கேக்கும் கண்ணு. பொம்பளைப் புள்ளைங்க பூமுடி குடுத்தாப் போதும். மூணு கத்தரி வெட்டு. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"நான் பூமுடின்னு வேண்டலைங்க. மொட்டைன்னுதான் வேண்டினேன்."

"கல்யாணம் முடிஞ்சு போடு."

"ரெண்டு தடவை தள்ளிட்டேனுங்க. மூணாவது தடவை தள்ளினா அது ஏமாத்தறதுங்க. அவரு அப்பாவைத் தள்ளிப்போட்டுக் குடுக்கலை."

சென்னியப்பன் செம்பிலிருந்து கண்ணை எடுத்தார். "எனக்காக வேண்டினது, எனக்கே வேண்டாம் சாமின்னு நானே சொல்லிட்டேனுங்க. கேக்க மாட்டேங்குறா. என்ற உசுரு ஒரு கல்யாணத்தைக் கெடுக்கோணுமா?"

அம்மா எழுந்துவிட்டாள். "மொட்டையோட வந்தா இந்த வாசல் உனக்கில்ல அம்மிணி. யோசிச்சுக்க" என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மா பேசி முடித்த பிறகு யாரும் பேசுகிற வழக்கம் இல்லை. அன்று, இருபத்தெட்டு வயதில் முதல் தடவையாக, நான் பேசினேன். "மொட்டையோட வந்தாலும் கட்டிக்கிறேனுங்கம்மா" என்றேன். அவ்வளவுதான். அம்மா எனக்குச் சோறு போட்டாள், ஆனால் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. வேண்டியதைப் பூனையிடம் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். என்னோடு பேசாவிட்டாலும் மூடியை மட்டும் வாங்கிப் பார்க்கத் தவறவில்லை.

பங்குனியில் கொடுமுடித் தீர்த்தக் காவடிக்காரர்களோடு அப்பாவும் மகளும் நடந்தே பழனிக்குப் போனார்கள். உத்திரத்தன்று காலை நான் கடைப் பலகையைக் கழற்றி, தட்டைப் பார்த்தால், காசாயி மொட்டை போட்டிருந்தாள்.

சுத்தமான மொட்டை. நெற்றியும் உச்சியும் பிடரியும் ஒரே வளைவாக, வழுவழுவென்று, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி. மூக்கு முன்னைவிடக் கூர்மையாகத் தெரிந்தது. எட்டு மணிக்குக் கூட்டம் வந்து பார்த்தது. பிறகு எண்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் உளி இருந்தது.

"ராவிப்போட்டான்" என்றாள் பூக்காரி.

அந்த ஒரு சொல் பட்டறை பட்டறையாகப் போய்ச் சேர்ந்தது. மத்தியானம், வாழ்க்கையில் முதல் தடவையாக, என் அம்மா கடைவாசலுக்கு வந்தாள். காசை எடுத்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்து, பூனை பக்கத்தில் இல்லாததால் என்னிடமே பேசினாள்.

"வருங்காலப் பொண்டாட்டிக்காகக் காசாயி முடியை அரத்தை வச்சு ராவியிருக்கறே. ஊரே தலைக்கு என்ன பண்ணும்னு யோசிச்சியா?"

"நான் தொடலைங்கம்மா."

ராவுத்தர் வாத்தியாரைக் கூட்டிவந்தார். தாவீது வாத்தியார் பூதக்கண்ணாடியை வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார். "அரம் பட்ட கோடு இல்லீங்க, உளி பட்ட பள்ளமும் இல்லை. பிறந்ததிலிருந்தே இப்படி அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

"வாத்தியாரே, அவன் வேலைத்தனம் உங்களுக்குத் தெரியாது. கோடு தெரியாம ராவுவான், கெட்டிக்காரன்" என்றாள் அம்மா. என் தொழிலைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

மறுநாள் என் நிலைமை இன்னும் மோசமானது. வழுவழுத்த தலையில் ஊசிமுனை அளவில் புள்ளி புள்ளியாக முடி துளிர்த்திருந்தது. ஊரில் வெண்கலத்தில் புள்ளி வைக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். "ராவினதை மறைக்கப் புள்ளி வச்சிருக்கான் பாரு" என்றார்கள். மூன்றாம் நாள் புள்ளி இன்னும் கொஞ்சம் கறுத்தது. பெண்கள் என்ன வாருவது என்று தெரியாமல், பழைய ஞாபகத்தில் ஆளுக்கொரு கொண்டையாக, ஊரே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பட்டறைக்குப் போனது. அம்மா தலை வாரவே இல்லை. முடிந்து விட்டுக்கொண்டு, கடை எதிரில் இருந்த வேப்பமரத்தடியில் முக்காலி போட்டு, நான் மறுபடி உளியை எடுக்கிறேனா என்று காவல் உட்கார்ந்தாள்.

அந்த மூன்றாம் நாள் பதினொரு மணிக்குப் பழனி பஸ் வந்தது. தெய்வானை இறங்கினாள். பின்னால் பஞ்சாமிர்தப் பையோடு சென்னியப்பன். சந்தனம் காய்ந்து உதிர்ந்த தலையில் ஊசிமுனைப் புள்ளிகளாக மூன்று நாள் முடி. அவள் முக்காடு போடவில்லை. கடைவீதி முழுக்க நடந்து, யார் எந்த வாசலை மூடினாலும் மூடட்டும் என்பதுபோல் நேராக வந்து, அம்மாவுக்கு முன்னால் நின்று, திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினாள்.

அம்மா பொட்டலத்தை வாங்கவில்லை. அவள் தலையையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து தட்டிலிருந்து காசாயியை எடுத்து, அந்தப் பெண்ணின் வலது காதுக்கு நேராகப் பிடித்தாள். புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தது. உச்சியில் ஒரு சுழி, அதுகூட ஒரே இடத்தில், ஒரே பக்கம் சுழன்றிருந்தது. காசை மூக்கருகே கொண்டுபோனாள். எங்களுக்கெல்லாம் மணத்தது, சந்தனம்.

"எப்போ இறக்கினே?" என்று கேட்டாள்.

"உத்திரத்தன்னிக்கு விடியக்காலையிலீங்க."

சென்னியப்பன் பஞ்சாமிர்தப் பையைக் கீழே வைத்துவிட்டு, தான் அள்ளிக்கொண்டு வந்த காசை, அம்மாவின் கையிலிருந்தபடியே குனிந்து பார்த்தார். "பாவம், இவளுக்கும் ஒரு அப்பன் இருந்திருப்பானாக்கும்" என்றார்.

அம்மா காசைத் தட்டில் வைத்தாள். தெய்வானையின் தாடையைப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும், அன்றைய கொண்டையைப் படிக்கிற மாதிரியே, திருப்பிப் பார்த்தாள்.

"மொட்டைக்குக் காதுதான் எடுப்பு. இத்துனூண்டு தோட்டைப் போட்டுக்கிட்டு இந்தத் தலையோட எப்படி மணவறையில உக்காருவே?" என்றாள். தன் காதிலிருந்த எட்டுக்கல் தோட்டின் திருகை, பழக்கமில்லாத விரலால் கொஞ்சம் தடுமாறிக் கழற்றி, நடுவீதியில் நின்றபடியே அவள் காதில் போட்டுவிட்டாள். "இப்பப் பாரு ராவுத்தரண்ணா, எடுக்குதா இல்லையா?"

"எடுக்குதும்மா" என்றார் ராவுத்தர்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. காசாயி மொட்டை என்றால் ஊரும் மொட்டை. சித்திரை முழுக்கப் பழனி பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கே இடம் போதவில்லை. ஆளாளுக்கு மறந்துபோன பழைய வேண்டுதல் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. பூக்காரி ஒரு வாரம் அழுதுவிட்டு, மல்லிகையைக் குல்லா மாதிரி கட்டக் கற்றுக்கொண்டு முன்னைவிட நன்றாக விற்றாள். அம்மாவும் போனாள். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, "பூனையோடயே பேசிக்கிட்டு இருந்தேனல்ல, அதுக்கு" என்றாள். வைகாசிக் கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் மணப்பெண்ணுக்கும் மாமியாருக்கும் பின்னால் நிற்கிற இருபத்து மூன்று பெண்களுக்கும் விரற்கடை முடிதான். நீளமாக முடி வைத்திருந்தது நாதஸ்வரக்காரர் ஒருத்தர்.

ராவுத்தர் காசாயியைத் தட்டோடு எங்களுக்குச் சீராகக் கொடுத்தார். தட்டில் அவர் பேரை வெட்ட உளியை எடுத்தேன். "என்ற பேரு எதுக்கு மாப்பிள்ளை, அவ பேரை மட்டும் வெட்டு" என்றார். தெய்வானை என்ற எழுத்துகளை, விளிம்பில் வட்டமாக, காசில் இருக்கிற மாதிரியே புள்ளி புள்ளியாக அடித்தேன். விரலில் ஒரு அடிகூடப் படவில்லை.

காசாயிக்கும் தெய்வானைக்கும் முடி ஒரே வேகத்தில் வளர்ந்தது. தோள் தொட்டதும் காசாயி மறுபடி தினம் ஒரு தலை வாரத் தொடங்கினாள். ஊர் வேறு வேறு மோஸ்தருக்குப் போய்விட்டது. அவள் எங்கள் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், எங்களுக்கு மட்டும் வாரிக்கொண்டிருந்தாள்.

தெய்வானை போய் இது மூன்றாவது வருடம். எட்டுக்கல் தோடு திருப்பூரில் மகள் காதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் நான் புளி போட்டுக் காசாயியைத் தேய்க்கிறேன், வாத்தியார் இருந்தால் திட்டுவார். இந்த மூன்று வருடமாக அவள் தேன்கூடும் வைப்பதில்லை, பூசணி வரியும் போடுவதில்லை. அவசரமாக அள்ளிச் செருகின ஒரே கொண்டைதான், வலது காதோரம் ஒரு கொத்து நழுவித் தொங்குகிறது.

இன்று காலையும் காப்பி போட்டுக்கொண்டே, "காதோரம் முடி தொங்குது பாரு" என்றேன். நாற்பது வருடம் சொன்னதுதான். நாற்பது வருடம் போலவே, அவள் அதை எடுத்துச் செருகவில்லை.